யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாத மரபு, யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை எப்படித் தீர்மானிக்கிறது?

சித்தூர்ப்பக்கம்:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி இது, தெரிந்தவர்கள் பேசுங்கள்.

மலையாளத்தில் 'டாக்டர் வந்நு' என்றாலும் 'பணிக்காரன் வந்நு' என்றாலும் வினை ஒன்றுதான். யார் வந்தாலும் 'வந்நு'. தமிழில் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. டாக்டர் வந்தார், வேலைக்காரன் வந்தான். ஓர் ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆளுக்கு நாம் என்ன இடம் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் விடியற்காலையில் நின்று கேட்டால் இது நன்றாகத் தெரியும். பால் ஊற்ற வருகிற தோட்டக்காரரிடம் 'வாங்க, இன்னைக்குக் கொஞ்சம் குறையுதுங்களே' என்பார் எழுதுகிறவர். அடுத்த நொடியே, அவரைவிட இருபது வயது மூத்த, இன்னொருத்தர் வீட்டுக் கேனைத் தூக்கி வந்த ஆளிடம், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் 'டேய், கேனை நகத்து'. அதற்குள் கால்நடை டாக்டர் வந்துவிட்டால் 'சாரே, இரிக்கூ'. மூன்று பேர், மூன்று விதம், ஒரு இடத்திலும் தடுமாற்றமே கிடையாது.

இதை யார் முடிவு செய்தார்கள்? மொழி என்பதே மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்று படித்திருக்கிறோம். ஏற்பாடு செய்து கொள்ளவே ஒரு மொழி வேண்டுமே, அப்படியானால் முதல் ஏற்பாடு எந்த மொழியில் நடந்தது? நம் தலைமுறையில் யாரும் நம்மிடம் சம்மதம் கேட்கவும் இல்லை. பிறகு ஏன் இது நம்மை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது?

தத்துவம் படிக்கிறவன்:

அண்ணே, 'ஏற்பாடு செய்யவே மொழி வேண்டுமே' என்கிற சிக்கலைத்தான் குவைன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி தொடர்ந்து எழுப்பிக் கொண்டிருந்தார். 1969இல் டேவிட் லூயிஸ் சமூக மரபைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அதற்குப் பதில் சொன்னார். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவரும் குவைன்தான்.

லூயிஸ் சொல்வது சுருக்கமாக இது. மரபுக்கு ஒப்பந்தம் தேவையில்லை, ஒருவர் மேல் ஒருவர் வைக்கிற எதிர்பார்ப்பு போதும். போனில் பேசும்போது பாதியில் லைன் அறுந்து போகிறது. இரண்டு பேரும் திருப்பிக் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் பிஸி, இரண்டு பேரும் காத்திருந்தால் பேச்சே நடக்காது. முதலில் கூப்பிட்டவரே மறுபடி கூப்பிடட்டும் என்று ஓர் ஊரில் பழகிவிட்டால், எல்லோரும் அப்படியே செய்வார்கள், ஏனென்றால் மற்றவரும் அப்படிச் செய்வார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், மற்றவர் அப்படிச் செய்கிறவரை தானும் அப்படிச் செய்வதே ஒவ்வொருவருக்கும் வசதி. இதற்கு நேர்மாறாகப் பழகியிருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது. இந்தக் கடைசி விஷயம் அவருக்கு முக்கியம். வேறு மாதிரியும் இருந்திருக்கலாம் என்கிற வாய்ப்பு இல்லாவிட்டால் அதை மரபு என்றே சொல்ல முடியாது.

டேவிட் ஹியூம் இதற்கு ரொம்ப முன்பே, 1740இல், ஒரே படகில் இரண்டு பேர் துடுப்பு வலிப்பதைச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக் கொள்ளவில்லை, ஆனாலும் சேர்ந்து வலிக்கிறார்கள். மொழிகளும் இப்படித்தான், வாக்குறுதி எதுவும் இல்லாமல், மெல்ல மெல்ல நிலைபெற்றன என்று அங்கேயே எழுதுகிறார்.

ஆகவே அண்ணன் கேட்ட 'யார் முடிவு செய்தார்கள்' என்பதற்குப் பதில், யாரும் இல்லை. எல்லோரும் அடுத்தவரைப் பார்த்து நடந்ததில் அதுவாக அமைந்தது.

ஓய்வு ஆசிரியர், பொள்ளாச்சி:

தம்பி நன்றாகச் சொன்னீர்கள். நம் இலக்கணக்காரர்கள் இதைத் தொட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மரியாதைப் பன்மை பற்றித் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் நேரடியான சூத்திரமே இருக்கிறது:

ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்
ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்
வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி
இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல.

ஓர் ஆளைப் போய் 'அவர் வந்தார்' என்று பன்மையில் சொல்வது வழக்கத்தால் வந்த உயர்வுச் சொல், இலக்கணம் போட்ட வழி அது இல்லை என்கிறார். எவ்வளவு தெளிவு பாருங்கள். எண் கணக்குப்படி ஒருவன் ஒருமைதான். அதை மீறி ஊர் பேசுகிறது, அந்த மீறலுக்குக் காரணம் வழக்கு என்று பிரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். தவறு என்று தள்ளவும் இல்லை, விதிக்குள் திணிக்கவும் இல்லை.

பின்னால் வந்த பவணந்தி நன்னூலில் 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே' என்கிறார். மரபுக்குக் காரணம் கேட்காதே, சொல்லி வந்தபடி சொல் என்பதுதான் அதன் சாரம். லூயிஸ் எதிர்பார்ப்பு என்று சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது இது.

மார்த்தாண்டம் பொண்ணு:

ஐயா, அந்த 'உயர்ந்தோர்' என்கிற சொல்லை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிடாதீர்கள். லூயிஸ் கணக்கில் ஊரில் எல்லோரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். பவணந்தியார் கணக்கில் சிலர் செப்புகிறார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துச் செப்புகிறார்கள். இரண்டும் ஒன்றா?

எங்கள் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி என்று இருந்த இடம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, இந்த நான்கு தாலுகாவும் அன்றைக்குத்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. இங்கே அம்மாவை 'நீ' என்போம், கூட்டாளியை 'எடே', 'மக்கா' என்போம், அதில் ஒரு குறையும் யாரும் பார்ப்பதில்லை. கோயம்புத்தூரில் வேலைக்குப் போன புதிதில், ஒரு வீட்டில் தவழ்கிற குழந்தையைப் பார்த்து 'வாங்க கண்ணு, சாப்பிடலாங்க' என்று சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதனால் 'வேறு மாதிரியும் இருந்திருக்கலாம்' என்பதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். ஒலியில் மரியாதை ஒட்டிக்கொண்டு இல்லை, ஊர் அதில் கொண்டுபோய் வைக்கிறது.

ஆனால் பால் சொசைட்டியில் கேன் தூக்குகிறவர் 'டேய்' என்று கூப்பிடப்படுவதை விரும்புகிறாரா? மற்றவர்கள் அப்படிச் செய்கிறவரை தானும் அப்படியே செய்வதுதான் அவருக்கு வசதி என்று லூயிஸ் சொல்வாரா? லைன் அறுந்த போனில் இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, பேச்சு தொடர வேண்டும். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே ஆசையா?

தத்துவம் படிக்கிறவன்:

அக்கா கேட்டது சரியான இடம். லூயிஸின் வரையறை ஒத்துப் போவதில் எல்லோருக்கும் நன்மை இருக்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். தண்ணீரைத் தண்ணி என்பதா வெள்ளம் என்பதா என்பது அந்த வகை. எதைச் சொன்னாலும் சரி, எதிரில் இருப்பவர் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். சாலையில் எந்தப் பக்கம் போவது என்பதும் அதே வகை. 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்வீடன் நாடு முழுக்க இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு ஒரே நாளில் மாறியது. யாரும் அதில் மானம் இழக்கவில்லை.

கிறிஸ்டினா பிக்கியேரி 2006இல் எழுதிய நூலில் இந்த இடத்தைப் பிரிக்கிறார். ஒத்துழைப்புக்கான மரபு ஒன்று, சமூக நெறி வேறொன்று. முதலாவதில் மீறினால் மீறுகிறவருக்கே நஷ்டம், அதனால் யாரும் காவல் நிற்க வேண்டாம். இரண்டாவதில் மீறத் தோன்றும், மீறினால் சிலருக்கு லாபம்கூட உண்டு, அதனால்தான் முறைப்பு, திட்டு, ஒதுக்கி வைப்பது எல்லாம் தேவைப்படுகிறது. அடுத்தவர் என்ன செய்வார் என்பதோடு, நான் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்தவர் நினைக்கிறார் என்பதும் சேர்ந்து நம்மை நடத்துகிறது. 'டேய்' எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அவரைத் திருப்பி 'டேய்' என்று சொல்லச் சொல்லிப் பார்த்தால் போதும்.

சித்தூர்ப்பக்கம்:

இதற்கு எங்கள் பக்கத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார் மேனுவலில், வீடு என்கிற ஒரே பொருளுக்கு ஜாதிவாரியாக எத்தனை பேர் இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். பறையர் இருந்தது சேரி, வயலில் அடிமை வேலை செய்தவர்கள் இருந்தது சாள, தீயரும் தட்டானும் ஆசாரியும் இருந்தது புர அல்லது குடி, நாயர் இருந்தது வீடு, ராஜா இருந்தது கோவிலகம், நம்பூதிரி இருந்தது இல்லம், அதிலும் பெரியவர்கள் என்றால் மன. சித்தூர் தாலுகா அப்போது கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, லோகன் எழுதியது பக்கத்து மலபாரைப் பற்றி, ஆனாலும் பழக்கம் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்கவில்லை. கீழே இருந்தவன் தன்னை 'நான்' என்று சொல்ல முடியாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை வெறும் சொல் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? 'என் வீடு' என்று ஒரு ஆள் சொன்னாலே தலைக்கனம் என்று எடுத்துக்கொண்ட காலம். எல்லோருக்கும் அர்த்தம் புரியும், புரிவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அப்புறம் எதற்கு அத்தனை சொற்கள்? வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் தன் இடத்தை அவனே சொல்லிக் காட்ட வேண்டும் என்பதற்கு.

அது எப்படிப் போயிற்று என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். பள்ளிக்கூடம், கோயில் நுழைவு, இயக்கங்கள் எல்லாம் சேர்ந்து தள்ளின. எங்கள் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது நிலச் சட்டத்தை. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது, அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அந்த மனையைத் தங்கள் பேருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை வந்தது. 'இறங்கிப் போ' என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று ஆனதும், 'அடியன்' என்று சொல்ல வைக்கவும் ஆள் இல்லை. சொல்லுக்குப் பின்னால் நின்ற மிரட்டல் போனது, சொல்லும் போனது.

நகரி வாசகன்:

நான் ஆந்திரா பக்கத்து எல்லை. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன, நாங்கள் அங்கே இருக்கிற தமிழ்க்காரர்கள். தெலுங்கில் ஒருமையில் ஆண் ஒருவனுக்குத் தனி வினை, மற்றதெல்லாம் ஒன்று. 'ஆமெ வச்சிந்தி' என்று ஒரு பெண்ணைச் சொல்வதும், 'பஸ்ஸு வச்சிந்தி' என்பதும் ஒரே வடிவம். தமிழ்நாட்டிலிருந்து முதல் தடவை எங்கள் ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள், பெண்ணைப் பொருள் மாதிரிப் பேசுகிறார்களே என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் அவர்களே வீட்டில் 'அக்கா வந்துச்சு', 'அம்மா சொல்லுச்சு' என்று கொஞ்சலாகப் பேசுகிறவர்கள்தான். ஒரே 'உச்சு' ஓரிடத்தில் அவமானம், ஓரிடத்தில் பாசம். வடிவத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓய்வு ஆசிரியர், பொள்ளாச்சி:

அப்படியானால் வடிவத்தை விட்டுவிட்டு, சொல்கிறவர் மனதைப் பார்த்தால் போதுமா? டொனால்டு டேவிட்சன் என்கிற அமெரிக்கத் தத்துவவாதி ஏறக்குறைய அந்த இடத்துக்குத்தான் போனார் என்று நினைக்கிறேன், தம்பி திருத்தட்டும்.

தத்துவம் படிக்கிறவன்:

ஆமாம் ஐயா. ஒருவர் பேச்சை இன்னொருவர் புரிந்துகொள்ள இருவருக்கும் பொதுவான மரபு முன்கூட்டியே இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார் டேவிட்சன். 1986இல் வந்த கட்டுரையில், தத்துவவாதிகள் நினைக்கிற மாதிரி மொழி என்று ஒன்று இல்லவே இல்லை என்கிற அளவுக்குப் போகிறார். யாராவது சொல்லை மாற்றிப் போட்டுப் பேசினாலும் அந்த இடத்திலேயே ஊகித்துப் பிடித்துவிடுகிறோம் என்பது அவர் வாதம். எல்லையில் இருக்கிறவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். 'கல்யாணம் கழிஞ்சுதா?' என்று பாலக்காட்டில் ஒருவர் தமிழில் கேட்டால், அந்தச் சொற்றொடரை முன்னால் கேட்காத மதுரைக்காரருக்கும் புரியத்தான் செய்யும்.

ஆனால் எனக்குத் தோன்றுவது, புரிவதற்கு மரபு தேவையா என்பதில் டேவிட்சன் சரியாக இருக்கலாம், நாம் இங்கே பேசுவது அது இல்லை. 'டேய்' என்றால் யாருக்கும் புரியாமல் இல்லை. புரிந்த பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அதை ஒருவர் மனதில் நினைத்ததை வைத்து மட்டும் சொல்ல முடியாது, ஊர் அந்த ஒலியில் ஏற்றி வைத்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏலக்காட்டுக்காரி:

படித்துக்கொண்டே வந்தேன், இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டும். நான் கம்பம் பக்கம். விடியும் முன்னால் ஜீப்பில் ஏறி, மேட்டைத் தாண்டி இடுக்கிக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களில் நானும் ஒருத்தி, டிகிரி படித்துவிட்டுத்தான் போகிறேன்.

மலையாளம் பேசுகிற சூப்பர்வைசர் எங்களிடம் தமிழில் பேசுவார். 'நீ வேகம் வா', 'நீ அங்கே போ'. எங்களில் அறுபது வயது அம்மாவையும் அப்படித்தான். அவருக்கு எங்கள் தமிழ் காதில் விழுந்து வந்தது, யாரும் வகுப்பு எடுக்கவில்லை. 'ங்க' என்பது எங்கே ஒட்டும், எதற்கு ஒட்டும் என்று அவருக்குத் தெரியாது. அவர் மனதில் இளக்காரம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சுருக்கென்றுதான் இருக்கும். மனசைப் பார்த்தால் போதுமா என்று ஆசிரியர் ஐயா கேட்டதற்கு எங்கள் பதில், போதாது.

நாங்களும் அதே மாதிரி மாட்டிக்கொள்வோம். பெரியவர் ஒருவரிடம் மரியாதையாகப் பேசுகிறோம் என்று நினைத்து மலையாளத்தில் 'நிங்ஙள்' என்போம். வடக்கே மலபார்க்காரர் என்றால் அது மரியாதைதான். கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து வந்தவர் என்றால் முகம் மாறும். அங்கே 'சேட்டன்', 'சார்' என்று முறையோ பட்டமோ வைத்துத்தான் சொல்ல வேண்டும், நேருக்கு நேர் 'நிங்ஙள்' என்றால் எடுத்தெறிந்து பேசியது போல.

சித்தூர்ப்பக்கம்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் சொசைட்டியில் நடந்ததையும் சொல்லத் தோன்றுகிறது. எழுதுகிற வேலைக்கு ஒரு சின்னப் பையன் வந்தான். வந்த நாளிலிருந்து எல்லோரையும் 'வாங்க' என்றான், கேன் தூக்கி வருகிறவர்களையும் சேர்த்து. தோட்டக்காரர்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை, அது எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது இன்னொன்று. அந்தக் கேன் தூக்குகிற பெரியவரே தயங்கித் தயங்கி வந்து, 'ஏன் தம்பி, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா, இப்படித் தள்ளி வெச்சுப் பேசறீங்க?' என்று கேட்டார். அவருக்கு 'டேய்' என்பது பழகிய நெருக்கம், 'ங்க' என்பது ஏதோ கோபம். பையனுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

மரபை ஒருவர் மட்டும் தனியாக மாற்ற முடியாது என்பது இதுதானே? நல்ல மனசோடு ஒருவர் மாற்றினாலும், மற்றவர்கள் எதிர்பார்ப்பு மாறாத வரை, அந்தச் சொல் அவர் நினைத்த அர்த்தத்தைச் சுமப்பதில்லை.

ஓய்வு ஆசிரியர், பொள்ளாச்சி:

எழுத்தாக இருந்தால் அரசாணை போட்டு மாற்றிவிடலாம். 1935இல் பெரியார் குடி அரசில் புது எழுத்தைக் கொண்டு வந்தார், 1978இல் தமிழக அரசு அதை ஏற்றது, இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பழைய 'லை', 'னை' எப்படி இருந்தது என்றே தெரியாது. மலையாளத்துக்கும் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பாடநூலும் அச்சகமும் கையில் இருந்ததால் முடிந்தது. வாய்ப் பேச்சுக்கு அப்படி ஒரு பிடி எங்கே இருக்கிறது? அந்தப் பெரியவரின் சங்கடத்தைப் படித்ததிலிருந்து மனம் கனமாக இருக்கிறது.

மார்த்தாண்டம் பொண்ணு:

அந்தப் பெரியவர் பழகிவிட்டார் என்பதற்காக அது அவருக்கு வசதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு விதமாக யாரும் கூப்பிட்டதே இல்லை என்றால், வித்தியாசமாகக் கூப்பிட்டால் பயம்தான் முதலில் வரும். அந்தப் பையன் நிறுத்தக் கூடாது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் போதும், பெரியவருக்கு அது கோபம் இல்லை என்று புரிய ஆரம்பிக்கும். எதிர்பார்ப்புதான் மரபு என்றால், எதிர்பார்ப்பைச் சின்னக் கூட்டத்தில் ஆரம்பித்து வளர்க்கவும் முடியும்தானே?

ஏலக்காட்டுக்காரி:

முடியும் அக்கா, நாங்கள் செய்து பார்த்தோம். சூப்பர்வைசரிடம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேராகச் சொல்லிவிட்டோம், 'சாரே, பெரியவங்ககிட்ட வாங்க, போங்கன்னு சொல்லணும்.' அவர் சிரித்துக்கொண்டு திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இப்போது எங்கள் எல்லோரையும், சின்னப் பெண்களையும் சேர்த்து, 'வாங்க'தான். அவருக்கு அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் மேஸ்திரியிடம் அது நடக்கவில்லை. அவருக்குத் தமிழ் யாரும் சொல்லித்தர வேண்டாம், 'வாடி' என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்துதான் சொல்கிறார். அதனால் ஜீப்பில் வருகிற நாங்கள் எல்லோரும் பேசி வைத்தோம், 'வாடி' என்று கூப்பிட்டால் யாரும் திரும்புவதில்லை, பேர் சொன்னால் மட்டும் திரும்புவது. முதலில் கத்தினார், கூலியைப் பிடிப்பேன் என்றார். காய் எடுக்கிற சீசன், ஆள் கிடைக்காத நேரம், அவரால் பிடிக்க முடியவில்லை. ஒருத்தி பயந்து திரும்பியிருந்தாலும் எல்லாம் போயிருக்கும், யாரும் திரும்பவில்லை.

இப்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். 'ங்க' இன்னும் வரவில்லை. சீசன் முடிந்து ஆள் மிஞ்சுகிற மாதங்களிலும் நாங்கள் திரும்பாமல் நிற்க முடியுமா என்று ஜீப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம்.